அச்சாரமும் அமானிதமும்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலே ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என ஒரு படலம் உண்டு. வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மீண்டு வருவதாகச் சொல்லி விடை கேட்கின்றது. அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிணை நிற்கின்றார்கள். போன மான் திரும்பி வராது என்றே வேடன் எண்ணுகின்றான். ஆனால் மான் திரும்பி வருகின்றது. தன் உயிர் போகும் இடத்துக்கே, தான் சொன்ன சொல்லுக்காக அது நடந்து வருகின்றது. பாடம் சொல்லும் வேளைகளில் இப்படலத்தை எத்தனையோ முறை நாம் மாணவர்க்கு விளக்கியிருக்கின்றோம். ஆயினும் அண்மையில் நம் மஹல்லாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அந்த மானை மீண்டும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் வலீமா விருந்து. முந்நூறு பேருக்குச் சமைத்துத் தர ஒரு பண்டாரியிடம் பேசினார்கள். அரிசி, இறைச்சி, எண்ணெய், விறகு யாவும் அவர் பொறுப்பு. மொத்தம் 90,000 ரூபாய். அச்சாரமாக 30,000 ரூபாயைக் கையில் வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி மடியில் கட்டிக்கொண்டார். விருந்து நாளன்று விடிந்தது. அடுப்பு மூட்ட ஆள் வரவில்லை. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அதே நாளில் பக்கத்து ஊரில் இதைவிடப் பெரிய விருந்தொன்றை அவர் ஒப்புக்கொண்டிருந்தார் என்பது லுஹருக்குப் பின்னரே தெரிய வந்தது. விரித்த சஹன் விரிப்புகள் விரித்தபடியே கிடக்க, சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க, அஸருக்குச் சற்று முன்னர்தான் மூன்று உணவகங்களிலிருந்து கேட்ட விலை கொடுத்துச் சோறு வாங்கி வந்தார்கள். அதற்கு 1,25,000 ரூபாய் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து அக்குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். மாப்பிள்ளையின் காக்கா காவல் நிலையத்துக்குப் போவதென்று துடித்தார். வாப்பா, நுகர்வோர் நீதிமன்றம் என்றார். உம்மம்மாவோ, “வேண்டாம் வாப்பா, அல்லாஹ் பார்த்துக்கொள்வான், கல்யாண வீட்டில் வழக்கு என்ற பேச்சே ஆகாது” என்று கண் கலங்கினார். மூவரும் ஒரே குரலில் கேட்டது இதுதான்: “ஹஜ்ரத், உரிமையைக் கேட்பது சரியா, பொறுத்துக்கொள்வது சரியா?”

இந்த வினா அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. பந்தல் போடுபவர், மண்டபக்காரர், மணமேடை ஜோடிப்பவர், நிழற்படம் எடுப்பவர், வாகனம் விடுபவர் என இன்று ஒரு திருமணம் பத்துப் பேரின் வாக்குறுதிகள் மீது நிற்கின்றது. அவற்றுள் ஒன்று சரிந்தால் என்ன செய்வது என்பதை ஷரீஅத்தின் ஒளியிலும் நாட்டுச் சட்டத்தின் துணையிலும் சற்றே ஆராய்வோம்.

வாக்கும் ஒப்பந்தமும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். ‘வஅத்’ என்பது வாக்குறுதி. ‘அக்த்’ என்பது ஒப்பந்தம். நாளை உங்கள் வீட்டுக்கு வருகின்றேன் என்று ஒருவர் சொல்லி வராமற் போனால் அது குணக்கேடு. வேண்டுமென்றே செய்தால் நயவஞ்சகத்தின் அடையாளங்களுள் ஒன்று என்று ஹதீஸ் எச்சரிக்கின்றது. ஆயினும் அவரைக் காஜியின் முன் நிறுத்தி இழப்பீடு கேட்க முடியாது என்பதே பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்து. ஒப்பந்தம் அத்தகையதன்று. இரு தரப்பும் இசைந்து, வேலை இன்னது, கூலி இவ்வளவு, நாள் இன்னது என முடிவு செய்துவிட்டால் அது இருவர் கழுத்திலும் ஏறிய கடமை. திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய சூரத்துல் மாயிதா, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு விசுவாசிகளுக்கு இடும் கட்டளையோடுதான் தொடங்குகின்றது. ஹலால், ஹராம் பற்றிய எத்தனையோ சட்டங்களைக் கூறப்போகும் அத்தியாயத்துக்கு அதுவே வாயிலாக அமைந்திருப்பதைச் சிந்திப்போர்க்கு அதன் கனம் விளங்கும்.

கூலிக்கு வேலை செய்வோரை நம் ஃபிக்ஹு நூல்கள் இரு வகையாகப் பிரிக்கின்றன. ஒருவருக்கென்றே தம் நேரத்தை ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. பலருக்கும் வேலை செய்து தரும் தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்றோர் ‘அஜீர் முஷ்தரக்’. பண்டாரி இரண்டாம் வகையினர். பொருளையும் தாமே வாங்கிச் செய்து தருவதாயின், ஹனஃபி நூலோர் அதனை ‘இஸ்திஸ்னாஉ’ எனும் வகையில் வைத்து ஆராய்வர். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டநூல், அத்தகைய ஒப்பந்தம் முடிந்தபின் இரு தரப்பாரில் எவரும் தன்னிச்சையாகப் பின்வாங்க இயலாது என்று விதித்தது.

பலருக்கு வேலை செய்பவர் பலரிடம் ஒப்புக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் ஒரே வேளையில் இரண்டு இடத்தில் நிற்க முடியாத வேலையை இரண்டு பேரிடம் ஒப்புக்கொள்வது, ஒரே பொருளை இருவருக்கு விற்பது போன்றதாகும். இரண்டாமவரிடம் ஆம் என்று சொன்ன அந்த நொடியிலேயே முதல்வரின் உரிமை களவு போய்விட்டது. விருந்து நாளன்று அது வெளிப்பட்டது, அவ்வளவே.

அச்சாரம் யாருக்கு உரியது?

இனி, கையில் வாங்கிய 30,000 ரூபாயைப் பற்றிப் பேசுவோம். இதில் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லை. வேலை நடக்கவில்லை, ஆகவே அந்தப் பணத்தில் ஒரு காசும் பண்டாரிக்கு உரியதன்று. அது அவரிடம் தங்கிய அமானிதம். கேட்ட உடனே திருப்பித் தருவது அவர்மீது கட்டாயம். கேளாமலே தருவது அழகு.

ஆனால் இதே தராசை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நாம் அச்சாரம் கொடுத்துவிட்டு, வேறொருவர் மலிவாகக் கிடைத்தார் என்று வேலையை நிறுத்திக்கொண்டால் அந்த அச்சாரம் யாருக்கு? அரபியில் ‘அரபூன்’ எனப்படும் இம்முறையை ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் இமாம்கள் ஏற்கவில்லை. ஈடின்றி ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொள்ள வழியாகின்றது என்பது அவர்கள் காட்டும் காரணம். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இதனை அனுமதித்தார்கள். மக்காவில் சிறைச்சாலைக்கென உமர் (ரலி) அவர்களின் சார்பில் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் வீடு வாங்கப்பட்ட செய்தியை அதற்குச் சான்றாகக் கொள்வர். 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அரபூன் கூடும் என்று முடிவு செய்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இங்கே ஒரு நடுவழியைக் காட்டுகின்றது. ஒப்பந்தம் முறிந்தால் இவ்வளவு தருவதென்று முன்பே எழுதி வைத்திருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டைத்தான் பெறலாம் என்பது அதன் 74ஆம் பிரிவு. நம்மை நம்பிப் பிற வேலைகளை மறுத்துவிட்ட ஒரு சமையற்காரருக்கு, விருந்துக்கு முதல்நாள் நாம் ‘வேண்டாம்’ என்றால், அவர் அடைந்த நட்டத்தை ஈடுசெய்யாமல் அச்சாரம் முழுவதையும் திருப்பிக் கேட்பது மார்க்கப் பேணுதல் ஆகுமா? நம் உரிமையைப் பேசும் நாவு அவர் உரிமையையும் பேசப் பழக வேண்டும்.

நட்டம் எதுவரை?

அச்சாரம் திரும்பியதும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. விருந்து ஒழுங்காக நடந்திருந்தால் அக்குடும்பத்துக்குச் செலவு 90,000 ரூபாய். நடந்ததோ அச்சாரம் 30,000; உணவகங்களுக்கு 1,25,000; ஆக 1,55,000. எனவே அவர்கள் இழந்தது 65,000 ரூபாய். இதில் 30,000 அச்சாரம். மிஞ்சிய 35,000 ரூபாய், வராமற் போனவரால் விளைந்த நேரடி நட்டம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இத்தகைய நட்டத்தைக் கேட்டுப் பெற உரிமை தருகின்றது. ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்பு, அல்லது இன்ன இழப்பு விளையும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இருவரும் அறிந்திருந்த இழப்பு ஆகியவற்றுக்கு ஈடு உண்டு. தொலைதூரத் தொடர்புடைய இழப்புகளுக்கு இல்லை. மேலும், நட்டத்தைக் குறைக்க நம் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றது அப்பிரிவு. பிரியாணி வரவில்லை என்பதற்காக நட்சத்திர விடுதியிலிருந்து பத்து வகைப் பதார்த்தம் வரவழைத்து அந்தப் பணத்தையும் பண்டாரி தலையில் கட்ட முடியாது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கை வளர்க்கவும் கூடாது என்ற நபிமொழியின் நெறியும் இதுவே.

முன்கூட்டியே ஒரு தொகையை நிபந்தனையாக வைத்துக்கொள்வது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பாரும் உளர். ஸஹீஹுல் புகாரியின் நிபந்தனைகள் பற்றிய பகுதியில் இப்னு ஸீரீன் (ரஹ்) வழியாக ஒரு செய்தி வருகின்றது. வாகனம் வாடகைக்கு விடுபவரிடம் ஒருவர், இன்ன நாளில் நான் உம்மோடு புறப்படாவிட்டால் உமக்கு நூறு திர்ஹம் என்று சொன்னார். சொன்ன நாளில் அவர் புறப்படவில்லை. வழக்கு காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் சென்றது. எவருடைய வற்புறுத்தலுமின்றித் தாமே தம்மீது விதித்துக்கொண்டது அவரைக் கட்டுப்படுத்தும் என்று காஜி தீர்ப்பளித்தார்கள். 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய ஃபிக்ஹு அகாடமியும், கடனாகத் தர வேண்டிய தொகையைத் தவிர்த்த பிற ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனையை அனுமதித்தது. பண்டாரி, பந்தற்காரர் முதலானோரின் வேலை ஒப்பந்தம் இந்த அனுமதிக்குள் அடங்கும்.

மானத்துக்கு விலை உண்டோ?

இப்போதுதான் வினாவின் கூரிய முனைக்கு வருகின்றோம். அக்குடும்பத்தாரை வாட்டியது 65,000 ரூபாய் அன்று. விருந்தாளிகளை அழைத்து வைத்துவிட்டுப் பசியோடு உட்கார வைத்த அந்த மூன்று மணி நேரம்தான் அவர்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. அதற்கு என்ன ஈடு?

நம் நாட்டு நுகர்வோர் மன்றங்கள் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை விதிக்கின்றன. 1993ஆம் ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில், நுகர்வோர் அடையும் அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் மேலே சொன்ன ரியாத் முடிவோ, ஈடு கேட்கக்கூடியது உண்மையான பொருள் நட்டமே, மனத்துக்கு நேர்ந்த நட்டம் அதில் சேராது என்று வரையறுத்தது. முற்கால ஃபுகஹாக்களின் பொதுப் போக்கும் அதுவே.

இதைக் கண்டு, மனிதனின் மானத்தை நம் மார்க்கம் மதிக்கவில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் உயிரையும் பொருளையும் சொல்லிய அதே மூச்சில் மானத்தையும் சேர்த்துப் புனிதமென்று அறிவித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். நாம் புரிந்துகொண்ட அளவில், மதிப்புக் குறைந்தது என்பதால் அதற்கு விலை குறிக்கப்படாமல் விடப்படவில்லை. விலை குறித்தால் அது வாங்கத்தக்க பொருளாகிவிடும். ‘அபராதம் கட்டிவிட்டேன், இனி உனக்கும் எனக்கும் என்ன?’ என்று செல்வன் ஒருவன் நிமிர்ந்து போய்விட வழி பிறக்கும். மானத்தைக் கெடுத்தவன் திரும்பி வந்து, கெட்ட மனிதனின் கண்ணைப் பார்த்து, என்னை மன்னித்து ஹலாலாக்கிவிடுங்கள் என்று கேட்க வேண்டும். தீனாரும் திர்ஹமும் செல்லாத ஒரு நாள் வருமுன்னரே அதனைச் செய்துவிடுமாறு நபிமொழி ஏவுகின்றது.

ஆதலால் நாம் அக்குடும்பத்தாருக்குச் சொன்னது இதுதான்: பொருளின் நட்டத்துக்குப் பொருளைக் கேளுங்கள், மானத்தின் நட்டத்துக்கு மன்னிப்பைக் கேளுங்கள். எவர் முன்னிலையில் தலைகுனிவு நேர்ந்ததோ அவர் முன்னிலையில் அந்த மன்னிப்பும் நிகழட்டும். நீதிமன்றமே மன வேதனைக்கென்று ஒரு தொகையை விதித்தால் அதை என்ன செய்வது என்பதை உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக ஒருவரை ஒருவர் பழித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது பொறுமைக்குப் பகையா?

உம்மம்மாவின் கண்ணீருக்கும் விடை சொல்ல வேண்டுமே! பொறுப்பதே ஸாலிஹீன்களின் வழி என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வரலாற்றைப் பார்ப்போம். நுபுவ்வத்துக்கு முன்னர், ஸபீத் எனும் ஊரிலிருந்து மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்த யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம், ஆஸ் இப்னு வாயில் பொருளை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தான். அந்த வணிகர் முறையிட்டார். அதன் விளைவாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் குறைஷியர் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவரின் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. இளம்பிராயத்தில் அதில் கலந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அதற்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார்கள். பேசிய விலை கைக்கு வராத ஒரு வணிகர் வாய்திறந்து கேட்டதனால் பிறந்த உடன்படிக்கை அது. அவர் பொறுத்துப் போயிருந்தால் அது பிறந்திருக்குமா?

இன்னொரு நிகழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒட்டகக் கடன் திரும்பப் பெற வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் சினந்து எழுந்தனர். உரிமையுடையவருக்குப் பேச்சும் உண்டு என்று சொல்லி, அவர்களைத் தடுத்து, வாங்கியதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள். அல்லாஹ்வின் தூதரிடமே உரிமையைக் கேட்கலாம் என்றால், ஒரு பண்டாரியிடம் கேட்பது எங்ஙனம் பொறுமைக்குப் பகையாகும்?

சூரத்துஷ் ஷூரா இரண்டையும் அருகருகே வைக்கின்றது: அநீதிக்குள்ளானவர் தம் உரிமையைக் காத்துக்கொண்டால் அவர்மீது குற்றமில்லை, மன்னித்து இணக்கம் செய்தால் கூலி அல்லாஹ்விடம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, மன்னிக்கும் உரிமை இழந்தவர் ஒருவருக்கே உண்டு என்பது. ஊரார் கூடி, ‘போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்’ என்று அவரை நெருக்குவது பிறர் பொருளில் நாம் ஸதகா செய்வது போன்றது. ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவனைச் சும்மா விடுவதால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் விருந்து கெடும் என்றால், அந்த மன்னிப்பின் செலவை அடுத்த வீட்டார் அல்லவா ஏற்கின்றனர்?

எனினும் வராதவர் எல்லாரும் ஒரு தரத்தினர் அல்லர். வீட்டில் மய்யித்து விழுந்தவரும், வெள்ளத்தில் அகப்பட்டவரும் ஒரு வகை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டு நாடே அடைக்கப்பட்டபோது எத்தனை மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன! அங்கே குற்றவாளி எவருமில்லை. நடத்தவே இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. அதன்கீழ்ப் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65ஆம் பிரிவு. விற்ற கனிகள் இயற்கைச் சீற்றத்தால் அழிந்துவிட்டால், எந்த உரிமையால் உன் சகோதரனின் பொருளை எடுக்கின்றாய் என்று வினவும் நபிமொழியும் அவ்வழியே நம் நெஞ்சைத் திருப்புகின்றது. சோம்பலாலும் கணக்குப் பிழையாலும் தவறியவர் இரண்டாம் வகை. அவரிடம் உரிமையைக் கேட்கலாம், ஆயினும் கையில் இல்லாதவராயின் வசதி வரும்வரை தவணை தருமாறு சூரத்துல் பகரா கட்டளையிடுகின்றது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு கை நீட்டியவன் மூன்றாம் வகை. அவனிடம் மென்மை காட்டுவது பிறருக்கு இழைக்கும் கொடுமை.

செய்யத்தக்க முறை

வாசகர்களுக்குப் பயன்படும் பொருட்டு வழிமுறைகளையும் சுருக்கிச் சொல்வோம். முதலாவது, எழுதிக்கொள்வது. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. எத்தனை பேர், என்ன உணவு, எந்த நேரம், எவ்வளவு தொகை, தவறினால் என்ன ஈடு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. இறைகட்டளையின் சாயல் அதில் உண்டு. பணத்தை ரசீதோடு கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, சுல்ஹு. ஜமாஅத்தின் பெரியவர்கள் முன்னிலையில் இரு தரப்பையும் இருத்திப் பேசுவதால் பெரும்பாலான பிணக்குகள் தீரும். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத சமாதானம் எதுவும் கூடும்.

மூன்றாவது, அது பலிக்காவிடில் பதிவுத் தபாலில் அறிவிப்பு. நடந்ததையும் கேட்கும் தொகையையும் குறித்து, விடைக்கு ஒரு கெடு வைத்து அனுப்ப வேண்டும்.

நான்காவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்ட சேவையை ஒழுங்காகச் செய்யாமை ‘சேவைக் குறைபாடு’ ஆகும். கொடுத்த கட்டணம் 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவை மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. 5 இலட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம்; இணையவழியிலும் பதியலாம். நிகழ்ச்சி நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்கலாகாது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டுகின்றது. உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவோர்க்கு மூன்று ஆண்டுக் கெடு உண்டு.

ஐந்தாவது, காவல் நிலையம். இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கின்றது. ஆனால் வாக்குத் தவறியதெல்லாம் மோசடி அன்று; வாக்குக் கொடுத்த வேளையிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதை, பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பணத்தை விரைந்து பெறும் தந்திரமாக ஒருவர்மீது பொய்க் குற்றம் சுமத்தினால், காலையில் மள்லூமாக இருந்தவர் மாலையில் ளாலிமாகிவிடுவார்.

நம் பங்கு

இவ்வளவும் சொன்ன பின் நம்மையும் சற்றே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று அந்த வீட்டில் எது கெட்டது? ஈஜாபும் கபூலும் நிகழ்ந்தன; வலீ இருந்தார்; சாட்சிகள் இருந்தனர்; மஹர் குறிக்கப்பட்டது. நிக்காஹில் எள்ளளவும் குறையில்லை. ஓர் ஆட்டைக் கொண்டேனும் விருந்தளிக்குமாறு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது பேரீச்சம்பழமும் நெய்யும் பாலாடைக்கட்டியும் கலந்த எளிய உணவையே வலீமாவாக அளித்தார்கள். பத்துப் பேரின் வாக்குறுதிகள் மீது ஒரு திருமணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு தூண் சரிந்ததும் வானமே இடிந்தது என்று அழுகின்றோமே, அத்தனை தூண்களை நட்டவர்கள் யார்?

மேலும், விருந்து முடிந்தபின் மீதிப் பணத்துக்காகப் பண்டாரிகள் நம் வாயில்களில் எத்தனை நடை நடக்கின்றனர்! கூலியாளின் வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் அல்லவா நாம்? வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியை நினைத்தால் நடுக்கம் பிறக்கின்றது. வாக்கு முறிவு வேலைக்காரர் தரப்பில் மட்டுமே நிகழ்வதில்லை.

நம்மிடம் வந்த குடும்பத்தின் வழக்கு ஆணையம் வரை செல்லவில்லை. ஜமாஅத்தின் முன்னிலையில் அப்பண்டாரி 30,000 ரூபாயை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டார். மிஞ்சிய 35,000 ரூபாய்க்குத் தவணை கேட்டார். எழுதிக் கொடுத்து, 20,000 வரை செலுத்தினார். அவர் மகளின் மருத்துவச் செலவை அறிந்து எஞ்சிய 15,000 ரூபாயை வாப்பா தாமே விட்டுக்கொடுத்தார். அந்தக் கழிவை எவரும் அவரிடம் கேட்கவில்லை. ஆகவே அது உண்மையான மன்னிப்பாக இருந்தது.

ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் அவர் இரண்டு மாதம் வரவில்லை. பணத்தைவிட அதுதான் அவருக்குக் கனமாக இருந்தது போலும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அன்று பசியோடு காத்திருந்தவர்களுள் பலர் பள்ளியின் முற்றத்தில் நின்றிருந்தபோது, அவர் தயங்கித் தயங்கி வந்து வாப்பாவின் கையைப் பற்றிக்கொண்டார். என்ன பேசினார் என்பது நம் காதில் விழவில்லை. வாப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்ததை மட்டும் கண்டோம்.

காலம் தாழ்ந்துதான் வந்தார், எனினும் வந்தார். சொன்ன சொல்லுக்காகத் திரும்பி நடந்த அந்த மானின் நினைவு அப்போது நமக்கு மீண்டும் வந்தது. வாக்களித்த இடத்துக்குத் திரும்பி வரும் கால்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.